மூணு கொட்டேஷனும் ஒரு பிசிக்ஸ் சீட்டும்

எமன் நேரில் வந்து வாசலில் நின்று "கிளம்பு" என்று கூப்பிட்டாலும், "கொஞ்சம் இருங்க சார், இன்னும் ரெண்டு எடத்துல விசாரிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் காட்டுப்பாக்கத்தில், எங்கள் தெருவில், எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். எமனும் பாவம், காத்திருந்து காத்திருந்து கால் கடுத்துப்போய் பக்கத்துத் தெருவில் யாரையாவது பார்க்கப் போய்விடுவார்.

அவருக்கு ஆதார் அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. அதை அவர் மனைவி ஸ்டெல்லாவே பேங்க் ஃபாரம் நிரப்பும்போதுதான் நினைவுபடுத்திக்கொள்வாள். மற்ற எல்லோருக்கும் அவர் மூணு கொட்டேஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் அவர் பர்ச்சேஸ், நான் அக்கவுண்ட்ஸ். எங்கள் கம்பெனியில் குண்டூசி வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலையை எழுதி, கவரில் போட்டு ஒட்டி வாங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் கொட்டேஷன். அந்தக் கவர்களை அக்கவுண்ட்ஸ் ஆள் ஒருவர் முன்னால்தான் பிரிக்க வேண்டும். எது குறைந்த விலையோ அதற்குத்தான் ஆர்டர். அந்தக் குறைந்த விலைக்கு எல்-ஒன் என்று பெயர். ஊரில் பாதி கம்பெனிகளில் இருக்கிற விதிதான் இது. மற்றவர்கள் சாயங்காலம் அதை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் டிபன் பாக்ஸோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். மூன்று டாக்டர்களிடம் போனார். முதல் டாக்டர் டைஃபாய்டு என்றார். இரண்டாமவர் வைரஸ் என்றார். மூன்றாமவர் அவசரமாக எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்ததால், உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார். ஒன்றுமே இல்லைதான் எல்-ஒன் என்று முடிவு செய்து, மறுநாள் ஆபீஸுக்கு வந்து, ஸ்டோர் ரூமில் மயங்கி விழுந்தார். தூக்கி உட்காரவைத்து சோடா கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணைக்கூடத் திறக்காமல், சோடா எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

எல்-ஒன்னால் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மகள் ஷீபா சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள் விருந்துக்கு எல்-ஒன் பந்தல் போட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு லேசாகக் காற்று அடித்தது. பந்தல் எழுந்து, எதிர் வீட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. விருந்தாளிகள் நடு வெயிலில் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார்கள். இவர் மாடியைப் பார்த்து, "குடுத்த ரேட்டுக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் நின்னதே பெருசு" என்று பந்தல்காரருக்காகப் பரிந்து பேசினார்.

அதே ஷீபா பிளஸ் டூ பரீட்சை எழுதியபோது மூன்று சர்ச்சுகளில் மெழுகுவத்தி ஏற்றினார். எங்கள் ஏரியாவில் ஒன்று, பூந்தமல்லியில் ஒன்று, ஆவடியில் ஒன்று. எதற்கு மூன்று என்று ஃபாதர் கேட்டாராம். எங்கே டெலிவரி சீக்கிரம் என்று பார்க்கலாமென்றுதான் ஃபாதர், என்றாராம் இவர். ஃபாதர் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, அடுத்த வாரமே சர்ச்சுக்குப் பெயின்ட் வாங்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஸ்டெல்லாவுக்கு மட்டும் இதிலெல்லாம் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. கல்யாணத்துக்கு முன் தான் மூன்று இடங்களில் பெண் பார்த்ததாக இவர் ஆபீஸில் பெருமையாகச் சொல்லித் திரிவார். ஸ்டெல்லா எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்பாள், "அப்போ நான் எல்-ஒன்னா?" அந்தக் கேள்வி வந்ததும் அவருக்கு ஸ்கூட்டரில் ஸ்பார்க் பிளக்கைத் துடைக்க வேண்டிய வேலை ஞாபகம் வந்துவிடும். இந்த வட்டாரத்திலேயே சுத்தமான ஸ்பார்க் பிளக் அவருடையதுதான்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஷீபா பிறந்து வளர்ந்தாள். எல்லா வீட்டிலும் கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தில் மெழுகுவத்தி தேடுவோம். இவள் மட்டும், கரண்ட் போன பிறகும் ஃபேன் ஏன் உடனே நிற்கவில்லை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அது எல்-ஒன் ஃபேன், கரண்ட் இருக்கும்போதே நின்றுவிடும் என்பது வேறு விஷயம். எங்கள் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு மேலே கிரேன் பாலத் துண்டைத் தூக்கியபோது, ஊரே தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனது. இவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்று ஸ்கூல் வேனைக் கோட்டைவிட்டாள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மூன்று சர்ச்சும் நேரத்துக்கு டெலிவரி கொடுத்திருந்தன. நல்ல மார்க். அதிலிருந்து இவர் போன் ஓயவில்லை. எந்தெந்த ஊரிலோ இருக்கும் இன்ஜினியரிங் காலேஜ்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள் வரிசையாகக் கூப்பிட்டார்கள். மற்ற அப்பாக்கள் இந்த போன்களைக் கண்டு நடுங்குவார்கள். இவருக்கு அது திருவிழா. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை எடுத்தால் ஹாஸ்டலை இலவசமாகத் தருவாயா என்று கேட்டார். காலேஜ் பக்கத்தில்தானே, பெண் வீட்டிலிருந்தே வருவாள், ஹாஸ்டலே வேண்டாமே சார் என்று ஏஜென்ட் சொன்னார். வேண்டாத ஹாஸ்டலுக்குண்டான பணத்தை ஃபீஸில் கழி என்றார். ஒரு ஏஜென்ட் கடைசியில், "சார், நீங்க எங்க கம்பெனிக்கே வேலைக்கு வந்துடுங்களேன்" என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டு போனை வைத்தான்.

அப்படிப் பேசிப் பேசி ஒரு இன்ஜினியரிங் சீட்டை நல்ல விலைக்குப் படிய வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் ஷீபா, தனக்கு பி.எஸ்சி பிசிக்ஸ் வேண்டும் என்றாள். ஒரு ஆர்ட்ஸ் காலேஜில் அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. அங்கேயும் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் அதே வெள்ளிக்கிழமை.

வீட்டில் பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஷீபா அப்பாவின் பாஷையிலேயே பேசினாள். இன்ஜினியரிங்கில் ஒரு வருஷத்துக்குக் கேட்கிற பணத்தில் அங்கே மூன்று வருஷமும் படித்துவிட்டு, மீதியில் வீட்டுக்கு நல்ல ஃபேன் ஒன்றும் மாட்டலாம். ஆகவே பிசிக்ஸ்தான் எல்-ஒன் என்றாள். நானும் ஸ்டெல்லாவும் அப்போது அங்கே இருந்தோம். வாழ்நாள் முழுக்க எது சல்லிசோ அதை மட்டுமே வாங்கிய மனிதர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இவ்ளோ சீப்பா குடுக்கறான்னா உள்ள ஏதோ கோளாறு கீதும்மா" என்றார். ஸ்டெல்லா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் ஆபீஸில், டீ குடிக்கும்போது என்னிடம் மனசைத் திறந்தார். நான் கிறிஸ்தவள் இல்லை, ஆனாலும் என்னை அவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"இன்ஜினியருக்கு மார்க்கெட்ல ஒரு ரேட் கீது சிஸ்டர். ஏறுது, எறங்குது, ஆனா ரேட்டுன்னு ஒண்ணு கீது. பிசிக்ஸ் படிச்சா இன்னா வரும்னு எவனுக்கும் தெரியல. மெஷின் சீப்பு. அப்பறம் எம்.எஸ்சி, பி.எட்டுன்னு ஸ்பேர் பார்ட்ஸ்லயே புடுங்கிடுவான். நான் ரிட்டையர் ஆவறதுக்குள்ள இவ சொந்தக் கால்ல நிக்கணும். நமக்கு இருக்கறது ஒரே பொண்ணு. வெல தெரியாத சரக்க இவ தலையில எப்பிடிக் கட்டுவேன்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தான். ஆனால் அவர் அதற்குக் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை வேறு எந்த அப்பனும் யோசித்திருக்க மாட்டான். பிசிக்ஸ் படித்த மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குவது. படிப்புக்கு ஆன செலவு, படிப்பால் வந்த வருமானம், இரண்டையும் அவர்கள் எழுதி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் கவர் பிரிப்பது. அக்கவுண்ட்ஸ் சார்பில் நான். விதி என்றால் விதி. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, முன்னால் அவரும் ஷீபாவும் ஒரு ஸ்கூட்டரில், பின்னால் நான் என் ஸ்கூட்டரில், மெட்ரோக்காரர்கள் தோண்டிப் போட்ட ரோட்டில் கிளம்பினோம்.

பிசிக்ஸ் படித்தவர்களைத் தேடுவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் ஊரில் தடுக்கி விழுந்தால் பிசிக்ஸ்காரர்கள் மேல்தான் விழ வேண்டும் போலிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர், கூட்டுறவு சொசைட்டியில் ஒருவர், தாலுகா ஆபீஸில் இருவர், துணிக்கடை கல்லாவில் ஒருவர். பிசிக்ஸிலேயே வேலை பார்க்கிற பிசிக்ஸ்காரர்தான் கண்ணில் படவில்லை.

முதலில் குமணன்சாவடியில் ஒரு பேங்க். அங்கே லோன் பிரிவில் இருந்த மேடம் பி.எஸ்சி பிசிக்ஸ். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார். "டிகிரி இருக்கான்னுதான் சார் பரீட்சைக்குக் கேட்டாங்க. என்ன டிகிரின்னு என் கல்யாணப் பத்திரிகையில போட்டதோட சரி" என்றார். அப்படியானால் பிசிக்ஸால் வந்த வருமானம் என்று எதைப் போடுவது என்று இவர் கேட்டார். மேடம் பத்திரிகை அச்சடித்த செலவு வேண்டுமானால் நினைவிருக்கிறது என்றார். கடைசியில் கவரை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் அனுப்புவதாகச் சொன்னார்.

இரண்டாவது, பூந்தமல்லியில் பிரியாணிக்கடை வைத்திருக்கும் பாய். இவர் சர்ச் விருந்துகளுக்கெல்லாம் அவரிடம் விலை கேட்டு, வேறு இடத்தில் வாங்கியவர். ஆனாலும் பாய்க்கு இவர் மேல் ஒரு பிரியம். அவரும் பி.எஸ்சி பிசிக்ஸ், அதுவும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பது இப்படி விசாரித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மத்தியான நேரம். கல்லாவில் கூட்டம். பாய் ஒரு கையால் பணம் வாங்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"இன்னாத்த சொல்றது அண்ணாத்தே. கடைசிப் பரீட்ச முடிஞ்ச அன்னிக்கு அத்தாவுக்கு ஒடம்பு சரியில்லாம பூட்சு. வந்து கல்லாவுல குந்தினவன்தான், இன்னும் ஏந்திரிக்கல. படிச்சதெல்லாம் ஆறே மாசத்துல மறந்துட்சு. பைசாவுக்குப் பிரயோசனம் இல்ல."

இவர் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் தலையாட்டினார். ஷீபாவின் முகம் சுருங்கிவிட்டது. பாய் அதைக் கவனித்திருக்க வேண்டும். பணம் எண்ணுவதைக் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஆனா ஒண்ணுமா. என் வாழ்க்கையிலயே எவனும் என்னாண்ட பார்சல் கேக்காத மூணு வருசம் அது. அத்த நெனச்சா இப்பக்கூட நல்லாத்தான் கீது."

இவருக்கு அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று புரியவில்லை. செலவா, வருமானமா என்று என்னிடம் கேட்டார். அக்கவுண்ட்ஸில் பதினெட்டு வருஷமாக இருக்கிற எனக்கும் தெரியவில்லை. பாய் கவரை வாங்கிக் கல்லாவுக்கு அடியில் சொருகிக்கொண்டு, எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்.

மூன்றாவது, ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் ஒரு டியூஷன் மாஸ்டர். எம்.எஸ்சி பிசிக்ஸ். மாடியில் தகரக் கூரை போட்டு நடத்துகிறார். வாசலில் நின்ற சைக்கிள்களையும் பைக்குகளையும் பார்த்ததுமே மூணு கொட்டேஷனின் கண் விரிந்தது. கீழே மாஸ்டரின் கார் வேறு நின்றது. இதோ, பிசிக்ஸை வைத்துப் பிசிக்ஸிலேயே சம்பாதிக்கிறவர். மாஸ்டர் பந்தா இல்லாத மனிதர். "இதுல நல்லா வருது சார், பொய் சொல்ல மாட்டேன். இன்ஜினியரிங் போவணும்னா பிசிக்ஸ்ல மார்க் வேணும். அதனால எங்கிட்ட வர்றாங்க. பிசிக்ஸே வேணாம்னு ஓடறவங்க போற வழியில கட்டற டோல்தான் சார் என் வருமானம்" என்றார். உங்கள் பிள்ளை என்ன படிக்கிறான் என்று இவர் கேட்டார். மாஸ்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு, இன்ஜினியரிங் என்றார்.

இவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஷீபா பக்கத்தில் இல்லை. வகுப்பு முடிந்து பையன்களும் பெண்களும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் காலி பெஞ்சுகளுக்கு நடுவே போர்டு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. கயிறு கட்டிய ஏதோ ஒரு குண்டின் படம், பக்கத்தில் நாலு வரி. இறங்கிப் போகிற பிள்ளைகளின் பை இவள் மேல் இடித்தது, இவள் நகரவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. அப்புறம் மாஸ்டரிடம் திரும்பி, கயிறு அறுந்த அந்த நொடியில் குண்டு எந்தப் பக்கம் போக நினைக்கும் என்று கேட்டாள். மாஸ்டர் அன்பாகத்தான் சொன்னார், "அது பரீட்சையில வராதும்மா." அவள் தலையாட்டிவிட்டு மறுபடி போர்டைப் பார்த்தாள். மூணு கொட்டேஷன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க மறந்து, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கவரை வாங்கி மாஸ்டரிடம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று கவர்களும் வந்து சேர்ந்துவிட்டன. பாயின் கவர் மட்டும் எண்ணெய் குடித்துப் பளபளவென்று இருந்தது. ஸ்டெல்லா ஜெபம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஷீபா சுவரோரமாக நின்றாள். தலைக்கு மேலே எல்-ஒன் ஃபேன் தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் மூன்று கவர்களையும் என்னிடம் காட்டி, ஒட்டியது ஒட்டியபடி இருப்பதை உறுதிப்படுத்தச் சொன்னார். உறுதிப்படுத்தினேன்.

முதல் கவர், பேங்க் மேடம். உள்ளே வழவழப்பான ஒரு தாள். குறைந்த வட்டியில் கல்விக் கடன், இன்றே வாருங்கள். இரண்டாவது, பாய். காது குத்து, நிச்சயதார்த்தம், ஞானஸ்நானம், எல்லா விசேஷங்களுக்கும் மட்டன், சிக்கன் பிரியாணி விலைப்பட்டியல், ஓரத்தில் பேனாவால், உங்களுக்கு மட்டும் தள்ளுபடி உண்டு. மூன்றாவது, மாஸ்டர். விடுமுறை சிறப்பு வகுப்புகள், இரண்டு பேராகச் சேர்ந்தால் ஃபீஸில் சலுகை. கம்பெனி கவரைக் கொடுத்து விலை எழுதித் தரச் சொன்னால் மனுஷர்கள் வேறு எதைத்தான் அனுப்புவார்கள்? மூன்று பேரும் அவரவர் சரக்குக்கு ஒழுங்காகக் கொட்டேஷன் கொடுத்திருந்தார்கள். பிசிக்ஸ் டிகிரியின் விலையை ஒருவரும் எழுதவில்லை.

நான் சிரிக்க வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். எத்தனையோ வருஷமாக எத்தனையோ கவர் பிரித்த மனிதர், ஒரு வழியும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூணும் செல்லாது," என்றார் மெதுவாக. "திருப்பி முதல்லேர்ந்து கேக்கணும்."

"நாளைக்குக் கடைசி நாள்ப்பா," என்றாள் ஷீபா. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "எனக்கு எவ்ளோ சம்பளம் வரும்னு எனக்கும் தெரியலப்பா. நெறைய வராமலும் போலாம். மாஸ்டர் வீட்ல பார்த்த அந்தக் கணக்கு இன்னும் மண்டைக்குள்ள ஓடிகினே இருக்கு. அதப் பத்தி நெனைக்கறப்போ எனக்கு வேற எதுவும் வேணும்னு தோணல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்."

 ஃபேன் நின்றுவிட்டது. கரண்ட் இருந்தது.

ஸ்டெல்லாதான் பேசினாள். "நான் ஒண்ணு கேக்கறேன். இன்னிக்காவது நெசத்தச் சொல்லுங்க. என்னைக் கட்டறதுக்கு முன்னாடி எத்தினி எடத்துல பொண்ணு பார்த்தீங்க?"

அவர் வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தார். ஸ்டெல்லா கதவுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இனி ஸ்பார்க் பிளக்குக்குப் போக வழியில்லை.

"ஒண்ணுதான்," என்றார்.

"ஒண்ணுன்னா?"

"ஆவடில உங்க ஊட்டுக்குத்தான் மொதல்ல வந்தேன். அப்பறம் எங்கியும் போவல. போவணும்னு தோணல. ஆபீஸ்ல மானம் போயிடும்னு மூணுன்னு சொல்லிவெச்சேன்."

ஸ்டெல்லா எழுந்து, ஒரு காரணமும் இல்லாமல், மேஜை மேலிருந்த தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனி விதியில் இன்னொரு வரி இருப்பதைச் சொல்ல வேண்டும். ஒரு பொருள் வேறு எங்கேயும் கிடைக்காது, ஒரே இடத்தில்தான் உண்டு என்றால் மூன்று விலை கேட்க வேண்டாம். ஒன்றே போதும். ஆனால் பர்ச்சேஸ் ஆள் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், அக்கவுண்ட்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரியை இவர் தன் சர்வீஸில் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. அது சோம்பேறிகளுக்காக எழுதிய வரி என்பார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், இத்த சிங்கிள் கொட்டேஷன்ல போட்டுடலாமா? அக்கவுண்ட்ஸ்ல அப்ஜெக்ஷன் எதுனா கீதா?"

எனக்கும் தொழில் புத்தி போகுமா? என்ன காரணம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கோவில்பதாகைல அந்த போர்டுகிட்ட நின்னுகினு இருந்தா பாருங்க, அந்த மொகம். அதுக்கு நான் எங்க போயி இன்னும் ரெண்டு கொட்டேஷன் வாங்குவேன்?"

நான் அப்ஜெக்ஷன் இல்லை என்று சொல்வதற்குள் இரண்டுமுறை செருமினேன். ஷீபா ஓடிவந்து அப்பாவின் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அது எல்-ஒன் சட்டை. கண்ணீர் பட்ட இடத்தில் சாயம் போய்விட்டது என்று மறுநாள் ஸ்டெல்லா என்னிடம் காட்டினாள்.

அதற்காக அவர் ஒரே ராத்திரியில் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலேஜ் ஃபீஸ் கவுன்டரில், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து இப்போதே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டு, பின்னால் நின்ற வரிசையை நடுரோடு வரைக்கும் நீள வைத்தார். ஆனால் திரும்பும் வழியில் குமணன்சாவடியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் ஷீபாவுக்கு, கணக்குப் போட அவள் கேட்ட பெரிய கால்குலேட்டரை வாங்கினார். முதல் கடை. கடைக்காரர் சொன்ன விலை. பேரம் இல்லை, வேறு கடை இல்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பல வருஷமாக இவருக்கு விலை மட்டுமே சொல்லிப் பழகிய கடைக்காரர் பயந்துபோய் ஸ்டெல்லாவுக்கு போன் போட்டு, "அக்கா, சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று விசாரித்தாராம்.

ஷீபா இப்போது எம்.எஸ்சி படிக்கிறாள். அவர் பயந்தபடியே ஸ்பேர் பார்ட்ஸ் செலவு ஆரம்பித்துவிட்டது. சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அவளே பஸ் செலவைப் பார்த்துக்கொள்கிறாள். பெரிய வருமானம் வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாது. கயிறு அறுந்த குண்டு எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்துவிட்டதாம். எனக்குக்கூடப் படம் போட்டு விளக்கினாள், எனக்குப் புரியவில்லை, அவள் முகம் மட்டும் புரிந்தது. தெருவில் யாராவது, பெண்ணைப் பிசிக்ஸில் போட்டீர்களே, என்ன சம்பாத்தியம் என்று கேட்டால் இவர் அசருவதே இல்லை. "ஆர்டர் போட்டாச்சு, டெலிவரி வந்துகினு கீது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைப்பார்.

இந்த மாசக் கடைசியில் அவர் ரிட்டையர் ஆகிறார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்திருக்கிறார். குறைந்தது மூன்று பேரையாவது பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்றைக்கு வரை ஒருவரைக்கூடக் கூப்பிடவில்லை. மனசு வரவில்லை.